கிணறு ஒன்று, ரிப்போர்ட் இரண்டு: எதை நம்புவது?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்துக் கிணறு இருக்கிறது. பத்தடி விட்டம், முப்பதடி ஆழம். கோடையில் தண்ணீர் கிடுகிடுவென்று இறங்கிவிடும், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கார்த்திகையில் தரையிலிருந்து ஏழடிக்கு ஏறி நிற்கும். இத்தனை காலமும் அதைத்தான் குடித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. போன லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரனுக்கு வயிற்றோட்டம், ஊருக்குப் போய் சரியாகி, மறுபடி வந்தபோது மறுபடியும். மருமகள் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னாள். சித்திரை கடைசியில் ஒரு லேபில் கொடுத்தேன். கோலிஃபார்ம் '2-க்குக் குறைவு', குடிக்கலாம் என்றார்கள். (மினரல் வாட்டர் பாட்டிலில் சாயங்காலம் பிடித்து, மறுநாள் மத்தியானம் தம்பி மகன் பைக்கில் கொண்டு போனான். அதற்கு இரண்டு நாள் முன்னால் கிணற்றில் ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன்.) மனசு கேட்காமல் கார்த்திகையில் வேறு லேபில் கேட்டேன், அவர்களே ஆள் அனுப்பி எடுத்துப்போய் மொத்தக் கோலிஃபார்ம் 79, மலக் கோலிஃபார்ம் 23, ஈ.கோலை உண்டு என்று கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டு உறை இறக்கிக் கக்கூஸ் கட்டினார்கள், கிணற்றிலிருந்து 25 அடி இருக்கும். எந்த ரிப்போர்ட்டை நம்ப? கிணற்றை மூடிவிடவா? ஆர்.ஓ. மிஷின் வாங்கிவிடவா? பேரனை ஆற்றில் குளிக்கவிடலாமா?

பதில்: அண்ணாச்சி, வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், கால் மணி நேரம் கேஸை எரிக்க வேண்டியதில்லை. கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள், குழாய் வைத்த பானையில் ஊற்றிக்கொள்ளுங்கள், டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். பல் தேய்க்கவும், பச்சையாகச் சாப்பிடும் காய் பழம் கழுவவும் இதே தண்ணீர்தான். பேரனுக்கு மறுபடி வயிற்றோட்டம் வந்தால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள், கிணற்றுத் தண்ணீரில் இப்படி வந்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கிணற்றை மூட வேண்டாம். அது நல்ல கிணறு, பக்கத்தில் வந்த ஒன்றுதான் பிரச்சனை, அதற்கு வருகிறேன்.

எதை நம்ப என்று கேட்டால், நடவடிக்கை எடுக்க இரண்டாவதை நம்புங்கள். முதல் லேப்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கைக்கு வந்த பாட்டிலில் இருந்ததைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாட்டிலில் இருந்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தானா என்பதுதான் கேள்வி. தண்ணீர்ப் பரிசோதனையில் பாதி கிணற்றடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது, மிச்சப் பாதிதான் லேபில் நடக்கிறது. இதை மக்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. காசு கட்டி, பாட்டிலை நீட்டி, தாளை வாங்கிப் போகிறார்கள், தாளில் உள்ளதை வைத்து ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் குடிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லேபில் எதைத் தேடுகிறோம் என்று பார்ப்போம். டைபாய்டு, காலரா, மஞ்சள்காமாலை, வயிற்றோட்டம் என்று தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகள் பல வகை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் செலவும் தாங்காது, நாளும் போதாது, தேடுகிற நேரத்தில் அது அங்கே இல்லாமலும் இருக்கும். அதனால் சுற்றிவளைத்து ஒரு கேள்வி கேட்கிறோம்: இந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா? மலம் கலக்க வழி இருந்தால் இன்றைக்கு இல்லாத டைபாய்டு கிருமி நாளைக்கு அதே வழியில் வரும். மனிதன், மாடு, ஆடு, கோழி என எல்லா வெப்ப ரத்தப் பிராணிகளின் குடலிலும் கோடிக்கணக்கில் குடியிருப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா. 1885-இல் தியோடர் எஷரிச் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டெடுத்தார், அவர் பெயரில்தான் அந்த 'ஈ' இருக்கிறது. பெரும்பாலான ஈ.கோலை நமக்கு ஒன்றும் செய்யாது, சில வகைகள்தான் வயிற்றைக் கலக்கும். ஆனால் அது தண்ணீரில் இருந்தால் கழிவு அண்மையில் எங்கோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது யாருடைய கழிவு, மனிதனுடையதா மாட்டுடையதா என்று இந்தச் சோதனை சொல்லாது. அதனால் 'அது கோழி எச்சமாத்தான் இருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இதில் இடமில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு எண் இருப்பதற்குக் காரணம் உண்டு. மொத்தக் கோலிஃபார்ம் என்பது பாக்டீரியாக்களின் ஒரு பெரிய குடும்பம், ஈ.கோலையும் அதில் ஒன்று. அதில் பாதி பேர் மண்ணிலும் அழுகிய இலையிலும் சும்மாவே இருப்பார்கள், நம் ஊர்ச் சூட்டில் திறந்த கிணற்றில் அவை இருப்பதை மட்டும் வைத்து நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். மலக் கோலிஃபார்ம் அதற்குள் சின்னக் கூட்டம், 44.5 டிகிரிச் சூட்டிலும் வளரக்கூடியவை. குடலின் சூட்டில் வாழ்ந்து பழகியது இந்தச் சூட்டைத் தாங்கும், மண்ணில் வாழ்ந்தவற்றில் பெரும்பாலானவை தாங்காது. 1904-இல் எய்க்மன் என்ற டச்சுக்காரர் தொடங்கிவைத்த யோசனை இது, இன்னும் ஓடுகிறது. ஆனாலும் மண்ணிலிருந்து வரும் ஒன்றிரண்டு வகை இந்தச் சூட்டையும் தாங்கி உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் கடைசியில் ஈ.கோலைதானா என்று தனியாக ஒரு சோதனை செய்கிறோம். உங்கள் தாளில் '79' என்னைக் கவலைப்படுத்தவில்லை. '23'-உம் அதற்குக் கீழே 'ஈ.கோலை உண்டு' என்ற வரியும்தான் கவலைப்படுத்துகின்றன.

அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? பதினைந்து குழாய்களை மூன்று வரிசையாக அடுக்குவோம். முதல் ஐந்தில் உங்கள் தண்ணீர் பத்துப் பத்து மில்லி, அடுத்த ஐந்தில் ஒவ்வொரு மில்லி, கடைசி ஐந்தில் மில்லியில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு குழாயிலும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகச் சர்க்கரை கலந்த திரவம், அதற்குள்ளே சுண்டுவிரல் நகம் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும். வைக்கும்போது அதற்குள் துளி காற்று இருக்கக் கூடாது. கோலிஃபார்ம் இருந்தால் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், தெளிவாக இருந்தது கலங்கலாகி, கவிழ்ந்த குழாயின் உச்சியில் ஒரு முத்துப்போல வாயுக்குமிழ் நிற்கும். லேசாகத் தட்டினால் ஓரத்தில் நுரை மேலேறும். சிலது முதல் நாளே குமிழ் காட்டும், சிலது சோம்பேறி, நாற்பத்தெட்டு மணி நேரம் எடுக்கும். குமிழ் வந்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு கம்பி வளையத்தில் தொட்டு அடுத்த திரவத்துக்கு மாற்றி, இன்னொரு பங்கை 44.5 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மறுபடி காத்திருப்போம். அந்தத் தொட்டியில் சூடு அரை டிகிரி ஏறி இறங்கினாலே முடிவு மாறிவிடும். கடைசியாக ஈ.கோலைக்கு ஒரு மருந்தை நாலு சொட்டு விட்டால் மேலே செக்கச் சிவந்த வளையம் நிற்கும். அந்த வளையத்தைப் பார்த்துவிட்டால் அதன்பிறகு எனக்குச் சந்தேகம் கிடையாது.

எத்தனை குழாயில் குமிழ் வந்தது என்று எண்ணி, 100 மில்லிக்கு இத்தனை இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அட்டவணையில் பார்த்து எழுதுவதுதான் எம்.பி.என். உங்கள் 23 என்பது பத்து மில்லி வரிசையில் ஐந்திலும் வந்து, மற்ற இரண்டு வரிசையிலும் ஒன்றும் வராதபோது கிடைக்கிற எண். அது ஒரு கணிப்பு. உண்மை எண் ஏழாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். அதனால் அடுத்த முறை 23 போய் 40 வந்தால் 'கூடிப்போச்சே' என்று பதற வேண்டாம், 11 வந்தால் 'குறைஞ்சிருச்சு' என்று கொண்டாடவும் வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது ஒரே வரி: 100 மில்லியில் ஈ.கோலை கண்டுபிடிக்கப்படக் கூடாது. கொஞ்சம் இருக்கலாம், நிறைய இருக்கக் கூடாது என்ற பேச்சே அதில் இல்லை.

இப்போது முதல் ரிப்போர்ட்டுக்கு வருவோம். '2-க்குக் குறைவு' என்றால் பூஜ்யம் என்று நினைத்துவிட்டீர்கள், அந்த லேப்காரரும் அப்படியே சொல்லி அனுப்பியிருக்கிறார். மேலே சொன்ன பதினைந்து குழாயிலும் போன தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். ஐம்பது, ஐந்து, அரை, ஆக மொத்தம் 55.5 மில்லி. தரம் கேட்பதோ 100 மில்லிக்கு. மிச்சம் 44.5 மில்லியை யாரும் பார்க்கவே இல்லை. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இந்தப் பதினைந்து குழாய் முறை அருமையானது. கிணறோ குழாய்த் தண்ணீரோ குடிக்கத் தகுதியா என்று பார்க்கும்போது முழு 100 மில்லியையும் சோதிக்கிற முறையைக் கேட்டு வாங்குங்கள். 0.45 மைக்ரான் துளை உள்ள ஒரு தாளில் நூறு மில்லியையும் வடிகட்டி, அந்தத் தாளைத் தட்டில் வைத்து வளர்த்து எண்ணுவது ஒரு வழி. இந்தச் சோதனைக்கென்றே உள்ள ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து ஒரு நாள் வைத்து, மஞ்சளானால் கோலிஃபார்ம், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ.கோலை என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டுமே நல்லவை. பொடி முறையில் ஒரு நாளில் பதில் வந்துவிடும். ஆனால் குழாய் முறையில் இன்று கொடுத்து நாளைக்கே 'இல்லை' என்று யாராவது தாள் கொடுத்தால் வாங்காதீர்கள், இல்லை என்று சொல்லக் குறைந்தது நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கோளாறு பாட்டிலில் இருந்தது. சாயங்காலம் பிடித்து, இரவு முழுக்கச் சித்திரைப் புழுக்கத்தில் வைத்து, மறுநாள் வெயிலில் பைக்கில் போன தண்ணீர் அது. அந்த நேரத்துக்குள் உள்ளே என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும், சில பாக்டீரியா செத்திருக்கும், சில பெருகியிருக்கும். எந்தப் பக்கம் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் பிளீச்சிங் பவுடர். கிணற்றில் குளோரின் கொஞ்சம் மிச்சமிருந்தால் அது பாட்டிலுக்குள்ளும் வந்து, போகிற வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் லேபில் கொடுக்கும் பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்பேட் என்ற மருந்து கொஞ்சம் போட்டிருப்போம், அது குளோரினை அந்த இடத்திலேயே முறித்துவிடும். உங்கள் மினரல் வாட்டர் பாட்டிலில் அது இல்லை. குளோரின் முழுக்கத் தீர்ந்திருந்தாலும்கூட, மருந்து போட்ட இரண்டாம் நாள் தண்ணீர் கிணற்றின் வழக்கமான தண்ணீர் இல்லை. அதைச் சோதித்தால் பிளீச்சிங் பவுடர் வேலை செய்ததா என்பதுதான் தெரியும், கிணறு நல்லதா என்பது தெரியாது.

இத்தனையையும் தள்ளிவைத்து, சித்திரையில் எல்லாம் சரியாகவே எடுத்திருந்தாலும் அன்றைக்குச் சுத்தமாக வந்திருக்க வாய்ப்பு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது: கார்த்திகையில் தண்ணீர் ஏழடியில். பக்கத்து வீட்டுக் குழி எட்டு உறை, கிட்டத்தட்ட எட்டடி. அதாவது பிசான நெல் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயலெல்லாம் நிரம்பி, அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நிலத்தடி நீர் ஏறும்போது அந்தக் கக்கூஸ் குழியின் அடி தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சித்திரையில் கால்வாய் அடைத்து, தண்ணீர் இருபதடிக்குக் கீழே போனபோது, குழியின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் பன்னிரண்டு அடிக்கு மேல் காய்ந்த மண் இருந்தது. கழிவு அந்த மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போது பெரும்பாலான பாக்டீரியா மண்ணிலேயே மாட்டிச் செத்துவிடும். நனைந்த மண்ணில் அந்த வடிகட்டல் கிடையாது. குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, நடுவில் 25 அடிதான். நம் ஆற்றங்கரை மண்ணில் மணல் கலப்பு அதிகமான இடங்களில் தண்ணீர் இன்னும் வேகமாக நகரும். வருஷத்தில் இரண்டு தண்ணீர் வருகிறது உங்கள் கிணற்றில், கோடைத் தண்ணீர் ஒன்று, வாய்க்கால் ஓடுகிற காலத்துத் தண்ணீர் ஒன்று. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து இரண்டுக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது.

'அப்பா காலத்திலிருந்து குடித்தோமே' என்பதற்கும் இதுதான் பதில். அப்பா காலத்தில் அந்தக் கிணற்றுக்கு 25 அடியில் உறைக்குழி இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றால் மண் கலங்கவில்லை என்றுதான் அர்த்தம். நூறு மில்லியில் இருபது முப்பது பாக்டீரியா இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உங்கள் வயிறு அதற்குப் பழகியிருக்கலாம், சென்னையிலிருந்து வருகிற சின்னப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மருமகள் சோதிக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தைப் பக்குவமாகத்தான் பேச வேண்டும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கக்கூஸ் கட்டியது நல்ல காரியம், யாரும் வயல்வெளிக்கோ வாய்க்கால் கரைக்கோ போகவில்லை. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி வேண்டும் என்பது பொதுவான விதி. இடம் இல்லாத ஊர்ச் சந்தில் அது பல வீடுகளுக்கு நடக்காது. அடியும் பக்கமும் கசியாமல் சிமெண்ட் பூசிய செப்டிக் டேங்காக மாற்றி, வெளியேறும் தண்ணீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். செலவில் நீங்களும் ஒரு பங்கு போட்டால் பேச்சு சுலபமாக முடியும், அவர் வீட்டிலும் இதே நிலத்தடித் தண்ணீரைத்தானே போர் போட்டு எடுப்பார்கள். ரிப்போர்ட்டை அவரிடம் காட்டும்போது 'உன்னால் வந்தது' என்று தொடங்காதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நைட்ரேட்டும் குளோரைடும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மனிதக் கழிவு கலந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் சுற்றிலும் வயல் இருப்பதால் யூரியா போட்டாலும் நைட்ரேட் ஏறும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அவர் குழியைப் பார்க்கும் முன் உங்கள் கிணற்றடியையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கைப்பிடிச் சுவரைச் சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தில் வெடிப்பு இருக்கிறதா, துணி துவைத்த தண்ணீர் தேங்கித் திரும்பக் கிணற்றுக்குள் போகிறதா, கயிறும் வாளியும் தரையில் கிடக்கின்றனவா, கோழி சுவர்மேல் ஏறி உட்காருகிறதா. தரையில் கிடந்த கயிறு ஒன்று போதும், கோழி எச்சத்தையும் செருப்பு மண்ணையும் நேரே கிணற்றுக்குள் கொண்டு போய்விடும். வெடிப்பைப் பூசுங்கள், தளத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள், வாளியை ஆணியில் மாட்டுங்கள், மேலே வலையோ மூடியோ போடுங்கள். இதெல்லாம் ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

பிளீச்சிங் பவுடரை இனி 'ஒரு கை' கணக்கில் போடாதீர்கள். நல்ல பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட, விட்டத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும், அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். உங்கள் கிணறு மூன்று மீட்டர் விட்டம், கார்த்திகையில் முப்பதடியில் மேலே ஏழடி போக ஏழு மீட்டர் தண்ணீர், சுமார் 50,000 லிட்டர், 125 கிராம் வேண்டும். கோடையில் இரண்டு மீட்டர் தண்ணீரென்றால் 14,000 லிட்டர், 35 கிராம் போதும். பார்த்தீர்களா, அதே கிணற்றுக்கு மூன்றரை மடங்கு வித்தியாசம். வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலந்துவிடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது உத்தமம், குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். அப்போதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பஞ்சாயத்துத் தொட்டி ஆபரேட்டரிடம் உள்ள குளோரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள், சொல்லித் தருவார். ஒன்றுமே மிச்சமில்லை என்றால் பவுடர் பழசு, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம், இன்னும் கொஞ்சம் போட வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, வாசனை மட்டும்தான் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின கிணறுகளைப்போலக் கலங்கின தண்ணீருக்கு இந்தக் கணக்குப் பற்றாது. அதை முதலில் இறைத்துத் தெளியவைக்க வேண்டும், சேறு குளோரினைத் தின்றுவிடும்.

குழி அங்கேயே இருக்கும்வரை பிளீச்சிங் பவுடர் அன்றன்றைய வைத்தியம்தான், மறந்துவிடாதீர்கள்.

ஆர்.ஓ. மிஷின் பற்றி மருமகளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆர்.ஓ. உப்பை எடுக்கத்தான் முதலில் வந்தது. வாய்க்கால் தண்ணீர் ஊறுகிற கிணறு பெரும்பாலும் உப்பாக இருக்காது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ.வுக்கு வேலையே இல்லை, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு குடத்துக்கு மேல் வீணாகக் கொட்டும். தெளிந்த தண்ணீர் என்பதால் கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு வைத்த மிஷினே போதும். ஆனால் எந்த மிஷினாக இருந்தாலும் அதன் பின்னால் உள்ள சின்னத் தொட்டியிலும் குழாய் முனையிலும் கிருமி மறுபடி குடியேறும், வருஷாவருஷம் சர்வீஸ் செய்யாத மிஷின் தண்ணீரைவிடக் கொதிக்க வைத்த தண்ணீர் எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால் முதலில் கிணற்றடிக்கும் குழிக்கும் செலவழியுங்கள், அதன்பிறகும் ஈ.கோலை வந்தால் மிஷின் வாங்குங்கள்.

அடுத்த சாம்பிள் எடுக்கும் விதம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் திருநெல்வேலியில் மாவட்ட ஆய்வகம் உண்டு, பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். முதலில் போய் சுத்திகரித்த பாட்டில் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைக் கழுவாதீர்கள், உள்ளே உள்ள மருந்து போய்விடும். கிணற்றிலிருந்து என்றால் பாட்டிலின் கழுத்தில் சுத்தமான கயிறும் அடியில் ஒரு கனமும் கட்டி, சுவரில் படாமல் இறக்கி நிரப்ப வேண்டும். வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் வாளியைத்தான் சோதிப்பீர்கள். மேலே ஒரு அங்குலம் காலி விடுங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள், தரையில் வைக்காதீர்கள். மோட்டார் குழாயில் பிடிப்பதானால் இரும்புக் குழாயை நெருப்பில் காட்டி, பிளாஸ்டிக் குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மீன்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள், எந்தக் காரணத்துக்கும் இருபத்து நாலு மணியைத் தாண்டக் கூடாது. சேரன்மகாதேவியிலிருந்து காலை பஸ் ஏறினால் தாராளமாகப் போய்ச்சேரலாம். திங்கள், செவ்வாயில் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுபோனால் நடுவில் ஞாயிறு வந்து குழாய் பார்க்க ஆள் இருக்காது. எடுத்த நேரம், தண்ணீர் மட்டம், கடைசியாக எப்போது மழை பெய்தது, எப்போது பவுடர் போட்டீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கடைசிப் பவுடர் போட்டுக் குளோரின் முழுக்கத் தீர்ந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை போதும், கோடையில் ஒன்று, வாய்க்கால் நிறைந்து ஓடும்போது நல்ல மழைக்கு அடுத்த நாள் ஒன்று. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மழைக்காலத்தை எடுங்கள்.

நடுவில் மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஒரு மலிவான வழி இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்திருப்பார்கள், உங்கள் பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு சின்னப் பாட்டில், உள்ளே மருந்து தோய்த்த தாள். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வீட்டிலேயே வைத்தால், கழிவுக் கிருமி இருந்தால் மை மாதிரிக் கறுத்துவிடும். இது நம் நாட்டிலேயே, மஞ்சா என்பவரும் கூட்டாளிகளும் 1982-இல் வெளியிட்ட முறை, பிறகு பல நாடுகளுக்குப் போனது. எண்ணிக்கை சொல்லாது, சில சமயம் கழிவு இல்லாமலே கறுப்பதும் உண்டு, அதனால் கறுத்தால் லேபுக்குப் போங்கள். கறுக்கவில்லை என்பதை வைத்துக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆறு பற்றிக் கேட்டீர்கள். குளிக்கிற தண்ணீருக்கு அளவுகோல் வேறு, குடிக்கிற தண்ணீர்போலப் பூஜ்யம் கேட்பதில்லை. மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. தாமிரபரணி பாபநாசத்திலிருந்து இறங்கி வருகிறபோது ஒரு மாதிரி, திருநெல்வேலி நகரத்துச் சாக்கடை கலந்தபிறகு வேறு மாதிரி. உங்கள் ஊர் நகரத்துக்கு மேலே இருப்பது நல்லதுதான், ஆனாலும் படித்துறைக்குப் பக்கத்தில் ஊர்ச் சாக்கடை வந்து விழுகிறதா, மாடு குளிப்பாட்டுவது மேலேயா கீழேயா என்று பார்த்து, அதற்கு மேற்கே ஓடுகிற தண்ணீராகப் பார்த்து இறக்கிவிடுங்கள். தேங்கின மடுவில் வேண்டாம். தண்ணீரை வாயில் வாங்கிக் கொப்பளித்து விளையாடுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதைமட்டும் தடுத்துவிடுங்கள். மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வருகிற நாளிலும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாளும் பேரன் எவ்வளவு அழுதாலும் கூட்டிப்போகாதீர்கள், கரையோரத்துக் கழிவு மொத்தமும் அப்போதுதான் ஆற்றுக்குள் வரும்.